உப்பிட்ட மருத்துவர் வி. இராமலிங்கசுவாமி

தில்லி மாநகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள், அன்ஸாரி நகரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் வாயிலை ஒரு முறையேனும் மிதியாத குடும்பம் உண்டோ என்பது ஐயமே. ஊரிலிருந்து வந்த தந்தையாரின் கண்புரை, தங்கையின் மகப்பேறு, அண்டை வீட்டாரின் இருதய நோய் என ஏதேனும் ஒரு காரணம் பற்றி விடியுமுன் எழுந்து சென்று, வரிசையில் நின்று, சீட்டுப் பெற்று வந்திருப்போம். எய்ம்ஸ் என்று இன்று குழந்தைகளும் கூறும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமே அது. 1969 முதல் 1979 வரை பத்தாண்டுக் காலம் அதற்குத் தலைமை பூண்டிருந்த பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம். அவர் டாக்டர் வுலிமிரி இராமலிங்கசுவாமி. ஆஸ்பத்திரிக்கே போகாத பேறு பெற்ற குடும்பம் நம் காலனியில் ஒன்று இருக்குமாயின், அவ்வீட்டாரும் அவருக்குக் கடமைப்பட்டவரே. அவர் செய்த தொண்டு அடுக்களையில், உப்பு ஜாடிக்குள் இருக்கிறது.

பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இவர் நம்மவர் என்று நம் அன்பர் பலர் உரிமை கொண்டாடுவதுண்டு. வடலூர் வள்ளலாரின் பெயர் அல்லவா என்று நம்மிடம் வினவியவரும் உண்டு. உண்மையில் அவர் தெலுங்கர். ஆயினும் அவர் பிறந்த காலத்தில் ஆந்திரமும் தமிழகமும் ஒரே சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தன. அக்காலத் தில்லிவாசிகளுக்கோ விந்தியத்துக்குத் தெற்கே பிறந்தோர் அனைவரும் மதராஸிகளே. அந்த வகையில் அவரை நம்மவர் என்பதில் பெரும் பிழை ஒன்றும் இல்லை. மேலும் அவருடைய ஆராய்ச்சி வாழ்வு தொடங்கியது தமிழ் மண்ணில், நீலகிரியின் குன்னூரில் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இராமலிங்கசுவாமி 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8ஆம் நாள் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். விசாகப்பட்டினம் ஆந்திர மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944இல் மருத்துவப் பட்டமும், 1946இல் எம்.டி. பட்டமும் பெற்றார். அந்நாளில் இத்தகைய பட்டம் பெற்றவர் கடைத்தெருவில் ஒரு பலகை மாட்டிக்கொண்டு அமர்ந்தால் ஐந்தாறு ஆண்டுகளில் வீடும் காரும் வாங்கிவிடலாம். அவர் அவ்வழி செல்லவில்லை. நோயாளியின் கை நாடியைப் பிடிப்பதை விட, நோய் எங்ஙனம் தோன்றுகிறது என்று உடலின் உள்ளே தேடும் நோயியல் துறையையே தமக்கு உரியதாகக் கொண்டார். வரும்படி குறைந்த துறை அது.

1947இல் அவர் குன்னூர் போஷணை ஆராய்ச்சிச் சாலையில் நோயியல் அறிஞராகப் பணியேற்றார். இவ்வாராய்ச்சிச் சாலையின் வரலாறு நம் கதையோடு நெருங்கிய தொடர்பு உடையது. இதனை உருவாக்கியவர் சர் இராபர்ட் மக்கேரிசன் என்னும் ஐரிஷ்காரர். அவர் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்து, 1904ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் வடமேற்கு எல்லையில் கில்கித் என்னும் மலைநாட்டில் இருந்தார். ஆங்குக் கழுத்தில் கழலை தொங்கும் மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கண்டார். அழுக்கு நீரே காரணம் என்று ஐயுற்று, அந்நீரின் வண்டலைத் தாமே பருகிப் பரிசோதனை செய்தார். அவர் கொண்ட முடிவு முழுவதும் பின்னாளில் நிலைக்கவில்லை. ஆயினும் இந்நாட்டில் கழலை நோயை விஞ்ஞானக் கண்கொண்டு நோக்கிய முன்னோடிகளுள் அவரை முதல் வரிசையில் வைத்தல் வேண்டும். அவர் நட்ட ஆராய்ச்சிச் சாலைக்கு, அவர் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் வந்து சேர்ந்த இளைஞரே, அவர் தொடங்கிய வினாவுக்கு விடை கண்டார் என்பது எண்ணி வியக்கத்தக்கது. அவ்வாராய்ச்சிச் சாலை பின்னர் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசியப் போஷணை நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குகிறது.

குன்னூரில் அவர் பெரும்பாலும் ஆராய்ந்தது புரதக் குறைவால் ஏழைக் குழந்தைகளின் உடலிலும் ஈரலிலும் உண்டாகும் கேடுகளையே. வயிறு ஊதி, கால் வீங்கி, முடி செம்பட்டையாகி மடியும் குழந்தைகளின் நோய் அது. இடையே ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குச் சென்று 1951இல் டாக்டர் பட்டம் பெற்று மீண்டார். 1954இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணை இயக்குநராகித் தில்லி வந்தார். 1956இல் பாராளுமன்றச் சட்டத்தால் தோன்றிய எய்ம்ஸில் அடுத்த ஆண்டே நோயியல் பேராசிரியரானார். பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து தில்லி வந்து இங்கேயே வேரூன்றியவர் வரிசையில் அவரும் ஒருவர் என்று கூறலாம். வந்தவர் கண்ணில் பட்டது இமயமலை அடிவாரத்து மக்களின் கழுத்து.

முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு என்னும் சுரப்பி உளது. உடலின் வளர்ச்சிக்கும் வெப்பத்துக்கும் மூளையின் மலர்ச்சிக்கும் வேண்டிய நீரை அது சுரக்கிறது. அச்சுரப்புக்கு அயோடின் என்னும் பொருள் இன்றியமையாதது. வேண்டப்படும் அளவோ மிகச் சிறிது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கி அதில் 150 கூறு என்று கணக்கிட்டுக் கொள்க. ஒருவர் வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய அயோடினைச் சேர்த்து வைத்தால் ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். அந்த ஒரு தேக்கரண்டி கிடையாவிடில், சுரப்பி கிடைத்த துளியையும் விடாது பற்றும் பொருட்டு மேன்மேலும் பருக்கிறது. அதுவே கழலை. இந்தியில் இதனைக் கேங்கா என்பர்.

கழலை கண்ணுக்குத் தெரிவதால் அதனையே நோய் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கேடு அதனினும் கொடிது. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை முழு வளர்ச்சி பெறுவதில்லை. கரு கலைவதுண்டு. பிறக்கும் குழந்தை செவிடாகவும் ஊமையாகவும், உடல் குறுகி, அறிவு மங்கி வளர்வதும் உண்டு. இவ்வளவு கடுமை இல்லாத ஊர்களிலும் பிள்ளைகள் பாடத்தில் பின்தங்கி நிற்பர். மந்த புத்தி என்று ஆசிரியரும், விதி என்று பெற்றோரும் கூறிவிடுவர். பிறந்தபின் எந்த மருந்தாலும் இழந்ததை முழுதும் மீட்க இயலாது என்பதே இதில் நெஞ்சைச் சுடும் செய்தி.

அயோடினைக் கடற்பாசிச் சாம்பலிலிருந்து 1811இல் கண்டெடுத்தவர் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர். உப்போடு அதனைக் கலந்து ஊட்டலாம் என்னும் யோசனையும் பழையதே. சுவிட்சர்லாந்தின் மலைநாட்டில் 1922இலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் 1924இலும் அயோடின் கலந்த உப்பு மக்களிடையே பரவத் தொடங்கியது. அந்நாடுகளில் ஒரு தலைமுறைக்குள் கழலை பெரிதும் மறைந்தது. அப்படியாயின் இந்நாட்டில் ஆராய என்ன இருந்தது என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இமயத்தில் கழலைக்குக் காரணம் அயோடின் குறைவுதானா, மக்கேரிசன் ஐயுற்றது போல் நீரின் மாசா, உண்ணும் காய்கறியில் உள்ள ஏதேனும் நச்சுப் பொருளா என்பது தெளிவாகவில்லை. காரணம் அதுவே என்று கொண்டாலும், உப்பில் கலந்த அயோடின் நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் மூட்டைக்குள் தங்குமா என்பது மற்றொரு கேள்வி. ஏழை நாட்டுச் சர்க்கார் கோடிக்கணக்கில் செலவிடுமுன் ஐயமற்ற சான்று கேட்கும். கேட்பதும் முறையே.

அச்சான்றைத் தேட அவர் தேர்ந்த இடம் காங்ரா பள்ளத்தாக்கு. இன்று இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தது. 1966 வரை பஞ்சாபில் இருந்தது. தௌலாதார் மலைத்தொடரின் பனி முடிகள் வடக்கே சுவர் எழுப்பினாற்போல் நிற்க, பியாஸ் நதி தெற்கே ஓடும் அழகிய நாடு. ஜ்வாலாமுகி அம்மனைத் தரிசிக்கச் சென்ற நம் அன்பர்கள் அதனை அறிவர். இருப்புப் பாதையில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு அவ்வூர் இன்னொரு வகையிலும் அறிமுகம். பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை 164 கிலோமீட்டர் தூரம், இரண்டடி ஆறங்குல அகலத்தில் அமைத்த குறுகிய பாதை அது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் ஒரு பகுதித் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, 1954இல்தான் மீண்டும் இடப்பட்டன. அழகு மிக்க அப்பள்ளத்தாக்கில் நூற்றுக்குச் சுமார் 38 பேருக்குக் கழலை இருந்தது. மலையில் உறைந்த பனியும் பெய்த மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணிலிருந்த அயோடினைக் கழுவிக் கடலில் சேர்த்துவிட்டன. மண்ணில் இல்லாதது நீரிலும் இல்லை, நெல்லிலும் இல்லை, ஆட்டின் பாலிலும் இல்லை.

1956இல் பரிசோதனை தொடங்கிற்று. பஞ்சாப் சுகாதார இலாகாவைச் சேர்ந்த டாக்டர் ஸூச் அவருக்குத் துணை நின்றார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பை மூன்று மண்டலங்களாகப் பிரித்தனர். ஒரு மண்டலத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. நடுவிலிருந்த மூன்றாவதற்கு ஒன்றும் கலவாத வெறும் உப்பு. இவ்விரு சேர்மங்களுக்கும் பெயரில் ஓர் எழுத்து வேறுபாடுதான் என்று எண்ணற்க. அயோடைடு ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து அயோடின் காற்றில் போய்விடக் கூடியது. அயோடேட் நம் நாட்டின் ஈரமான, சுத்திகரிக்கப்படாத உப்பிலும் நெடுநாள் தங்கும். சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தியது நமக்கும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், இரண்டையும் நம் மண்ணிலேயே சோதித்தது அவருடைய நுண்ணறிவு.

இதனை எழுதுவது எளிது, நடத்துவது எளிதன்று. சரக்குக் கணக்கில் நாள்களைக் கழிக்கும் நமக்கு அதன் அருமை ஒருவாறு புலனாகிறது. மூன்று மண்டலத்துக்கும் செல்வது உப்பு மூட்டைதான். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒரு மண்டலத்து மூட்டை மறு மண்டலத்துக் கடைக்குள் புகுந்துவிட்டால் ஐந்தாறு ஆண்டு உழைப்பும் வீண். மலைநாட்டில் மக்களும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மகளைக் கொடுத்த ஊருக்குப் போவர், சந்தைக்குப் போவர், போகும்போது ஒரு படி உப்பும் கொண்டு போவர். இத்தனைக்கும் இடையில், ஆயிரக்கணக்கான கழுத்துகளைக் கையால் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் அளவு வகைப்படுத்தி எழுதி வைத்து, மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். எய்ம்ஸின் ஆய்வுக்கூடத்திலோ நீரிலும் சிறுநீரிலும் உள்ள அயோடின் அளக்கப்பட்டது. கதிரியக்க அயோடினைக் கொண்டு, காங்ரா மக்களின் சுரப்பி அதனை எவ்வளவு வேகமாகப் பற்றுகிறது என்றும் கண்டனர். பல நாள் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டாற்போல் அச்சுரப்பிகள் அயோடினைப் பற்றின. பசி எதன் பொருட்டு என்பது அதனால் விளங்கிற்று. இமயக் கழலையின் காரணம் பற்றிய அக்கட்டுரை 1961இல் லண்டன் லான்செட் இதழில் வெளிவந்தது.

1962இல் மீண்டும் கணக்கெடுத்தனர். அயோடின் உப்பு உண்ட இரு மண்டலங்களிலும் 38 என்றிருந்த கழலை 20க்குக் கீழ் இறங்கியிருந்தது. வெறும் உப்பு உண்ட நடு மண்டலத்தில் குறைவே இல்லை. ஒரே மலை, ஒரே ஆறு, ஒரே சோறு. வேறுபாடு உப்பு ஒன்றே. ஐயத்துக்கு இனி இடமில்லை.

நடு மண்டலத்து மக்களை நினைக்குந்தோறும் நம் மனம் சற்றுத் தயங்குகிறது. அறுபதாண்டுக்கு முன் நடந்ததை இன்றைய அளவுகோலால் அளத்தல் எளிது. இன்று இத்தகைய ஆராய்ச்சிக்கு நெறிக்குழு ஒன்று கூடிப் பல கேள்வி கேட்கும். பக்கத்து ஊருக்கு நல்ல உப்பு போக, தன் ஊருக்கு மட்டும் பழைய உப்பே வந்ததை அந்நாளில் ஒரு தாய் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அந்த ஆறு ஆண்டுகளில் அங்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை! அதே சமயம், இந்நாட்டின் மற்றக் கோடிக்கணக்கான மலைநாட்டு மக்களுக்கும் அப்பொழுது கிடைத்தது அதே வெறும் உப்புதான் என்பதையும், அவர்களுக்காகச் சர்க்காரின் கையைத் திறக்க வைத்தது அந்த மண்டலத்தின் கணக்கே என்பதையும் மறத்தல் நியாயமன்று. உண்மை புலப்பட்டவுடன், 1962இலேயே நடு மண்டலத்துக்கும் அயோடின் உப்பு சென்றது. 1968இலும் 1972இலும் சென்று பார்த்தபோது அங்கும் கழலை நன்கு குறைந்திருந்தது. பதினாறு ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சியைக் கைவிடாது பின்தொடர்ந்ததும், கொடாமல் விட்டவர்களுக்கும் கொடுத்து முடித்ததும் நமக்கு அவர்பால் மதிப்பை மிகுவிக்கின்றன. காங்ராவில் யாருக்கும் சிலை எழுப்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. எழுப்புவதாயின் அந்த நடு மண்டலத்து மக்களுக்கே எழுப்புதல் வேண்டும்.

1962இல் மத்திய சர்க்கார் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரி முதலிய இடங்களில் அயோடின் கலக்கும் இயந்திரங்கள் நிறுவப்பட்டன. யூனிசெப் ஸ்தாபனம் அதற்கு உதவிற்று. ஆனால் ஆராய்ச்சி ஓடிய வேகத்தில் திட்டம் ஓடவில்லை. கழலை உள்ள ஜில்லாக்களுக்கு மட்டும் என்று வகுத்ததால், அயோடின் உப்போடு வெறும் உப்பும் அதே சந்தையில் விற்றது. விலை குறைந்ததை ஏழை வாங்கினான். வணிகன் அதையே தருவித்தான். இருபது ஆண்டுகள் இங்ஙனமே கழிந்தன. சான்று கிடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர் ஒரு முறை சரக்கு நிலையத்துக்கு வந்து பார்த்தல் நன்று.

இவ்விடத்தில் நம் இலாகாவைப் பற்றி ஒரு சொல். இந்நாட்டு உப்பின் பெரும்பகுதி குஜராத், தமிழ்நாடு, ராஜஸ்தானம் என்னும் மூன்று இராஜ்யங்களில் விளைகிறது. உண்பவரோ உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அஸ்ஸாமிலும் உளர். வாகன்களே அதனைச் சுமந்து செல்லல் வேண்டும். உண்மையைச் சொன்னால் உப்பு இருப்புப் பாதைக்கு உவப்பான சரக்கு அன்று. வாகனின் இரும்பை அரித்துவிடும், கட்டணமும் குறைவு. அங்ஙனமிருந்தும் பின்னாளில் அயோடின் உப்புக்குப் பாதுகாப்புத் துறைச் சரக்குக்கு அடுத்த முன்னுரிமை அளிக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ட உண்மை மலைநாட்டுக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததில் பெயர் தெரியாத குமாஸ்தாக்களுக்கும் கலாசிகளுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று பெருமை கொள்ள வாசகர் நமக்கு இடம் தருவர் என நம்புகிறோம்.

1979இல் இராமலிங்கசுவாமி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். 1986 வரை அப்பதவியில் இருந்தார். கழலை விஷயத்தை அவர் அப்போதும் விடவில்லை. அவரும், எய்ம்ஸில் டாக்டர் கொச்சுப்பிள்ளை முதலியோரும் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவரியா போன்ற சமவெளி ஜில்லாக்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தனர். தைராய்டு சுரப்பு குன்றிய குழந்தைகள் அங்குத் தில்லியைக் காட்டிலும் பன்மடங்கு பிறந்தனர். மலை நோய் என்று நினைத்திருந்தது சமவெளிக்கும் உரியது என்பது தெரிந்தது. தில்லிப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தபோது இந்தத் தலைநகரிலும் அது இருந்தது! கழுத்து வீக்கம் என்பது அழகுக்கேடு அன்று, நாட்டின் பிள்ளைகளது அறிவுக்கே வந்த கேடு என்று திட்டம் வகுப்போர் உணர்ந்தது இதன் பின்னரே.

வெளிநாடுகளிலும் இதே காலத்தில் இவ்வுணர்ச்சி வலுத்தது. நியூ கினித் தீவில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள், கருவுறுமுன் தாய்மார்க்கு அயோடின் சேர்ந்த எண்ணெயை ஊசி வழியே செலுத்தினால் செவிட்டூமைக் குழந்தை பிறப்பதைத் தடுக்கலாம் என்று 1971இல் நிறுவியிருந்தனர். அவருள் ஒருவரான பேஸில் ஹெட்சலும் மற்றும் பல நாட்டு அறிஞரும் கூடி, இதற்கென ஓர் அகிலவுலகச் சபையை 1986இல் காட்மண்டுவில் தொடங்கி வைத்தனர். 1990இல் நியூயார்க்கில் கூடிய உலகத் தலைவர்களின் குழந்தைகள் மாநாடு, அயோடின் குறைவை ஒழிப்பதைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாக ஏற்றது. இன்று உலகின் மிகப் பெரும்பாலான நாடுகளில் உப்பில் அயோடின் கலக்கப்படுகிறது. காங்ராவின் கணக்கு அங்கெல்லாம் எடுத்துக்காட்டப்பட்டது.

நம் நாட்டில் 1983–84இல், கழலை உள்ள ஜில்லா, இல்லாத ஜில்லா என்ற பாகுபாடின்றி மக்கள் உண்ணும் உப்பு முழுவதிலும் அயோடின் கலப்பது என்ற முடிவு பிறந்தது. தனியாரும் அதனைச் செய்ய அனுமதி பெற்றனர். உற்பத்தியாகும் இடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கு, வீட்டில் குறைந்தது 15 பங்கு என்று அளவு வகுத்தனர். ஒரு டன் உப்புக்கு 30 கிராம் அயோடின். வழியிலும் கடையிலும் பாதி போனாலும், நாளொன்றுக்குப் பத்து கிராம் உப்பு உண்பவருக்கு 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். இந்தக் கணக்கின் எளிமை நமக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது.

எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. அயோடின் கலவாத உப்பை உண்பதற்கு விற்கலாகாது என்று 1997இல் நாடு முழுமைக்கும் விதி வந்தது. உப்புக்காகத் தண்டியிலும் வேதாரணியத்திலும் அடிபட்ட நாட்டில், எந்த உப்பு உண்பது என்பதைச் சர்க்கார் கட்டளையிடுவதா என்று கேட்டனர். சிறு உப்பளக்காரர் பிழைப்பும் அதில் இருந்தது. அவர் கூற்றை அறியாமை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. விதி 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் விலக்கப்பட்டது. அயோடின் உப்பு உண்ணும் வீடுகள் குறைந்தன. இந்நிலையிலேயே, 2001 மே 28ஆம் நாள், இராமலிங்கசுவாமி தில்லியில் காலமானார். அவருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது. தாம் கண்ட உண்மை ஏற்கப்பட்டதையும், பின்வாங்கப்பட்டதையும் காண அவருக்கு வாய்த்தது. 2006 மே மாதத்தில் விதி மீண்டும் நடைமுறைக்கு வந்ததைக் காண வாய்க்கவில்லை.

அவர் பெற்ற சிறப்புகளை விரிக்கின் பெருகும். 1965இல் சாந்தி ஸ்வரூப் பட்னாகர் பரிசு, 1986இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் பதவி ஆகிய இரண்டை மட்டும் கூறி அமைவோம். இவற்றினும் மேலாக நாம் கருதுவது 1996இல், தம் எழுபத்தைந்தாம் வயதில், யூனிசெப் வெளியீட்டில் வேறு இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆசியப் புதிர் பற்றிய கட்டுரையாகும். ஆப்பிரிக்காவை விடச் சோறு மிகுந்த தெற்காசியாவில் குழந்தைகள் அதனினும் மெலிந்திருப்பது ஏன் என்று அதில் வினவினர். குழந்தை பிறக்கும்போதே எடை குன்றிப் பிறக்கிறது, ஏனெனில் தாய் மெலிந்திருக்கிறாள், ஏனெனில் இங்குப் பெண் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறாள் என்று விடை கண்டனர். நுண்நோக்கியின் வழியே ஈரலைப் பார்த்துத் தொடங்கியவர், முடிவில் வீட்டுக்குள் யார் முதலில் உண்கிறார், யார் மிஞ்சியதை உண்கிறார் என்பதைப் பார்த்தார்.

இனி, நம் தமிழகத்தைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. அதனை எழுத நமக்கு விருப்பமில்லை. எழுதாதிருக்கவும் மனம் வரவில்லை. 2018–19இல் நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று உப்பைச் சோதித்தனர். போதிய அயோடின் உள்ள உப்பு உண்ணும் வீடுகள் நூற்றுக்கு 76.3. எல்லா இராஜ்யங்களிலும் கடைசியாக நின்றது தமிழ்நாடு, நூற்றுக்கு 61.9தான். படிப்பிலும் வைத்தியத்திலும் நாட்டுக்கு முன் நிற்கும் தமிழகம், தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் மரக்காணத்திலும் மலை மலையாக உப்பு விளைவிக்கும் தமிழகம், இதில் கடைசி! விளைவதாலேயே இந்நிலை என்று சொல்ல வேண்டும். உப்பளம் அருகில் இருக்க, பாத்தியிலிருந்து வாரிய கல் உப்பு நேரே வண்டியில் ஏறித் தெருவுக்கு வந்துவிடுகிறது. கடலில் அயோடின் இருக்கிறதே, கடல் உப்பில் இராதா என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. நீர் வற்றிப் படியும் உப்பில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம். உடலுக்கு அது போதாது.

நம் காலனியிலும் இது பேசத்தக்க விஷயம். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது ஊறுகாய்க்கென்றும், மாமியார் கையால் கட்டிக் கொடுத்தது என்றும், இரண்டு படி கல் உப்பு பெட்டியில் வராத வீடு குறைவு. மாவடு ஊறப் போடுவதற்கு அது இருக்கட்டும். அந்த மணம் பொட்டலத்து உப்பில் வாராது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அன்றாடச் சமையலுக்கு மட்டும் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட உப்பையே கொள்க. அப்படி அச்சிட்ட கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. அடுப்பருகே திறந்த மரவையில் வைக்காமல், மூடியிட்ட ஜாடியில் ஈரம் படாமல் வைத்து, குழம்பு கொதித்து இறக்கும் தறுவாயில் இட்டால் அயோடின் வீணாகாது. குறிப்பாக, கருவுற்ற பெண் உள்ள வீட்டில் இதனை முதல் மாதத்திலிருந்தே கவனித்தல் வேண்டும். வளைகாப்பு வரை காத்திருந்தால் சிசுவின் மூளை வளர்ச்சியில் முக்கியமான பருவம் கடந்துவிட்டிருக்கும்.